காணாமற்போன நாய்க்கு முகவரி உண்டா?

2011ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி. ஜப்பானின் வடகிழக்குக் கரையைச் சுனாமி அலைகள் தாக்கி மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. கெசென்னுமா என்னும் துறைமுக நகருக்கு அப்பால், கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் ஒன்று தேடுதல் வேலையில் ஈடுபட்டிருந்தது. கரையிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில் ஒரு வீட்டின் கூரை மிதந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஒரு நாய் நடமாடிக்கொண்டிருந்தது!

ஹெலிகாப்டரின் இரைச்சலுக்கு அஞ்சி அது இடுக்கில் போய் ஒளிந்துகொண்டது. பிறகு படகில் சென்றுதான் அதைப் பிடிக்க முடிந்தது. கழுத்தில் பட்டை இருந்தது. ஆனால் யாருடைய நாய் என்ற விவரம் அதில் இல்லை. மீட்புக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு பெண்மணி, அது தம்முடைய ‘பான்’ என்று கண்டுகொண்டார். ஏப்ரல் 4 அன்று அவரைக் கண்டதும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. உலகமே அதைப் பார்த்து மகிழ்ந்தது.

மகிழ வேண்டியதுதான். ஆனால் தொலைக்காட்சியில் தோன்றும் பேறு எத்தனை நாய்களுக்குக் கிடைக்கும்?

மூழ்கிய நகரம்

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 அன்று ‘கத்ரீனா’ என்ற சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காத்துநின்ற வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்தன. நகரில் நூற்றுக்கு 80 பங்கு நீரில் மூழ்கியது. இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று எண்ணிய பலர், நாய்க்கும் பூனைக்கும் கொஞ்சம் உணவும் தண்ணீரும் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். வெள்ளமோ வாரக்கணக்கில் வடியவில்லை.

மீட்புப் பேருந்துகளிலும் முகாம்களிலும் பெரும்பாலும் பிராணிகளுக்கு இடமில்லை. சூப்பர்டோம் விளையாட்டரங்கில் பேருந்து ஏற நின்ற ஒரு சிறுவனிடமிருந்து காவலர் ஒருவர் நாய்க்குட்டியைப் பிரித்தார். ‘ஸ்னோபால், ஸ்னோபால்’ என்று அதன் பெயரைச் சொல்லி அழுத சிறுவன், அழுகை தாங்காமல் வாந்தி எடுத்துவிட்டான். இந்தச் செய்தி நாடெங்கும் பரவியது.

இது வெறும் பாசத்தின் கதை என்று தள்ளிவிட முடியாது. மனித உயிர்கள் பற்றிய கதையும்கூட. சூறாவளிக்குப் பின் நடந்த ஓர் ஆய்வில், வெளியேறாமல் நின்றுவிட்டவர்களில் நூற்றுக்கு 44 பேர், வளர்ப்புப் பிராணியை விட்டுப் போக மனமில்லாததையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். நாயை ஏற்றாத படகில் நாயின் சொந்தக்காரரும் ஏறவில்லை!

தன்னார்வத் தொண்டர்கள் வீடு வீடாகத் தேடிச் சென்றனர். உள்ளே நாய் உண்டா, பூனை உண்டா, உணவு வைத்தாயிற்றா என்பதைச் சுவர்களில் வண்ணக் குறிகளால் எழுதிவைத்தனர். மீட்கப்பட்ட ஆயிரக்கணக்கான பிராணிகள், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் கொன்சாலஸ் என்ற ஊரின் கண்காட்சித் திடலில், குதிரைக் கொட்டில்களில் வைக்கப்பட்டன. இடம் போதாமல், அங்கிருந்து கலிபோர்னியா வரைக்கும் அனுப்பப்பட்டன. நாய் ஒரு மாநிலத்தில், சொந்தக்காரர் வேறொரு மாநிலத்தில்! கணிப்பொறியில் படங்களை ஏற்றி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ‘பழுப்பு நிறம், நடுத்தர உயரம்’ என்றால் எத்தனை நாய்கள் பொருந்தும், எண்ணிப் பாருங்கள். புதிய வீட்டார் நாயைத் திருப்பித் தர மறுத்து, வழக்கு நீதிமன்றம் வரை போனதும் உண்டு. மீட்கப்பட்டவற்றில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சொந்த வீட்டை அடைந்திருக்காது என்பது பொதுவான கணிப்பு.

அதே நகரின் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் மட்டும் ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. புயலுக்கு முன்பே தன் காப்பகத்திலிருந்த 263 பிராணிகளுக்கும் அடையாளப் பட்டை கட்டி, படம் எடுத்து, குறிப்புத்தாளுடன் ஹூஸ்டன் நகருக்கு அனுப்பிவிட்டது. காப்பகக் கட்டடம் மூழ்கியது, பிராணிகள் பிழைத்தன.

2006 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாநிலங்களும் ஊராட்சிகளும் தீட்டும் பேரிடர்த் திட்டங்களில், வளர்ப்புப் பிராணி உள்ளவர்களின் தேவைக்கும் இடம் தர வேண்டும் என்பது அதன் சாரம்.

மோப்பம் போதாதா?

நாய்தான் மோப்பம் பிடித்து வீடு வந்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். செக் நாட்டு விஞ்ஞானிகள் வேட்டை நாய்களைக் காட்டில் ஓடவிட்டு ஆராய்ந்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். சில நாய்கள் வந்த தடத்தையே மோந்து திரும்பின. வேறு சில, முதலில் வடக்கு-தெற்குத் திசையில் சுமார் 20 மீட்டர் ஓடிப் பார்த்துவிட்டு, புதிய வழியில் நேராக எசமானரிடம் வந்தன. பூமியின் காந்தப்புலத்தை அவை உணர்கின்றனவோ என்பது ஆய்வாளரின் ஊகம். ஆனால் வெள்ளம் தடத்தின் மணத்தைக் கழுவிவிடுகிறது. மேலும், வண்டியில் ஏற்றி ஆயிரம் கிலோமீட்டர் கொண்டுபோய் விட்டால் எந்த நாய்தான் என்ன செய்யும்?

அரிசியளவு அடையாளம்

இங்கேதான் மின்னியல் கைகொடுக்கிறது. ‘மைக்ரோசிப்’ என்பது சுமார் 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கண்ணாடிக் குப்பி. ஒரு பெரிய அரிசிமணி அளவு. கால்நடை மருத்துவர் இதை ஊசியால் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்திவிடுவார். இதில் பேட்டரி கிடையாது. பிறகு எப்படி வேலை செய்கிறது? மின்காந்தத் தூண்டலைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1831இல் ஃபாரடே கண்ட அதே தத்துவம்தான்! படிப்பான் கருவியிலுள்ள கம்பிச்சுருளில் வினாடிக்கு 1,34,200 முறை அலையும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் மாறும் காந்தப்புலம், குப்பிக்குள் இருக்கும் நுண்ணிய சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. அந்த அற்ப மின்சாரத்தில் விழித்துக்கொள்ளும் சில்லு, தன் 15 இலக்க எண்ணைச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிப்போகிறது. எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கும். இந்தியாவின் குறியீடு 356.

ஒன்று கவனியுங்கள்: நாய் எங்கே இருக்கிறது என்று இந்தச் சில்லு காட்டாது. யாராவது நாயைப் பிடித்து, படிப்பானை அருகில் காட்டினால்தான் எண் தெரியும். எண் தெரிந்தாலும் பெயரும் தொலைபேசி எண்ணும் பதிவேட்டில் இருக்க வேண்டும். அமெரிக்கக் காப்பகங்களில் நடந்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, தெருவில் பிடிபட்ட நாய்களை மொத்தமாகப் பார்த்தால் நூற்றுக்கு 22தான் வீடு திரும்பின. சில்லு உள்ளவற்றிலோ 52. பூனைகளில் வேறுபாடு இன்னும் பெரிது: மொத்தத்தில் 2 கூட இல்லை, சில்லு உள்ளவற்றில் 38. சில்லு இருந்தும் சொந்தக்காரர் அகப்படாமல் போனதற்கு முதற்காரணம், பதிவேட்டிலிருந்த தொலைபேசி எண் தவறாகவோ துண்டிக்கப்பட்டதாகவோ இருந்ததுதான்.

ஜப்பானில் 2022 ஜூன் முதல், விற்பனைக்கு வரும் நாய், பூனைகளுக்குச் சில்லு கட்டாயமாகிவிட்டது. வாங்குபவர் பதிவேட்டைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.