துப்பாக்கி மேல் ஒரு சிவப்புப் புள்ளி

எங்கள் ஒடுகத்தூர் பையன்களுக்கு நான் துப்பாக்கியைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லையாம். ‘ரெட் டாட்’, ‘ஹோலோ’, ‘4எக்ஸ்’, ‘8எக்ஸ்’ எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அக்னிவீர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓட வருகிறவர்கள், ராத்திரியானால் கைபேசியில் சுட்டுத் தள்ளுகிறார்கள். 2020-ல் பப்ஜி விளையாட்டைத் தடை செய்தார்கள். அடுத்த வருடமே அது பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்துவிட்டது. அதில் தரையில் கிடக்கும் ஸ்கோப்பை எடுத்தால் தானாகவே துப்பாக்கியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடியில் பனி படியாது, பேட்டரி தீராது, ஜீரோ பார்க்கவும் வேண்டாம். நிஜத்தில் அந்த மூன்றும்தான் பாதி வேலை.

நான் மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வேலூர் மாவட்டத்தில் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயரெடுத்த கம்மவான்பேட்டை இங்கேதான் இருக்கிறது. ஆயுதப் பயிற்சி கொடுக்கும் உஸ்தாதாகச் சில காலம் இருந்ததால், குறிபார்க்கத் தெரியாத கண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது ஆம்பூரில் ஒரு வங்கியில் காவல் வேலை. தோளில் 12 போர் இரட்டைக்குழல். அதன் முனையில் ஒரு பித்தளை மணி; குறிபார்க்க அவ்வளவுதான் இருக்கிறது.

துப்பாக்கி மேல் வைக்கும் கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. எல்லாமே கண்ணின் ஏதோ ஒரு குறைக்கு மருந்துதான். எந்தக் குறைக்கு எந்த மருந்து என்று பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

மூன்று தூரம், ஒரு கண்

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று கிளர்ந்தெழுந்த சிப்பாய்களின் காலத்து ஆயுதம் ‘பிரௌன் பெஸ்’ மஸ்கட். அதில் பின்குறியான பேக்சைட் கிடையாது. பேயனெட் மாட்டுவதற்காகக் குழல் முனையில் வைத்திருந்த குமிழையே முன்குறியான ஃபோர்சைட்டாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வழவழப்பான குழலிலிருந்து கிளம்பும் உருண்டைக் குண்டு நூறு கஜம் தாண்டினால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் வரிசை கட்டி நின்று மொத்தமாகச் சுட்டார்கள். குழலின் உள்ளே சுருள் வரி வெட்டி, குண்டு சுழன்று நேராகப் பறக்க ஆரம்பித்த பிறகுதான் குறிக்கு மதிப்பு வந்தது.

நான் சேர்ந்தபோது கையில் கொடுத்தது எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. பிறகு வந்தது திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் இச்சாப்பூரிலும் செய்த இன்சாஸ். இரண்டிலும் பின்னால் ஒரு சின்ன ஓட்டை, முன்னால் ஒரு முள். ஓட்டையின் நடுவே முள் நிற்க வேண்டும், முள்ளின் தலையில் இலக்கு உட்கார வேண்டும். சொல்வதற்கு எளிது. ஆனால் ஓட்டை கண்ணுக்குப் பக்கத்தில், முள் ஒரு கை தூரத்தில், இலக்கு முந்நூறு மீட்டரில். மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும். ஆகவே முள்ளைத் தெளிவாகப் பார், இலக்கு மங்கினால் மங்கட்டும் என்பது பயிற்சி. ரெக்ரூட்டுகளுக்கு இதுதான் வராது. எதைச் சுடப் போகிறோமோ அதைத்தானே பார்க்கத் தோன்றும்?

நாற்பது வயதைத் தாண்டினால் வேறு சிக்கல். என் மனைவி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள். ஊசி முனை தெரியவில்லை என்று அவள் வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கிய வருடம்தான் எனக்கும் ஃபோர்சைட் முள் இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. கண்ணின் லென்ஸ் இறுகிவிட்டால் கிட்டத்துப் பொருளுக்கு அது வளைந்து கொடுக்காது. ஓட்டை சிறியதாக இருந்தால் மங்கல் கொஞ்சம் குறையும்; நல்ல வெயிலில் சமாளிக்கலாம். சாயங்காலமானால் அதுவும் கைகொடுக்காது.

1.7 மீட்டர் மனிதன்

முதல் மருந்து தொலைநோக்கி. இலக்கையும் குறிக்கோட்டையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவதால் கண் மூன்று தூரத்துக்கு அலைய வேண்டாம். பெரிதாகத் தெரிவது அதற்கு அடுத்த லாபம்தான்.

நம் படையில் பலரும் முதலில் பழகியது, ரஷ்யாவின் டிராகுனோவ் துப்பாக்கியோடு வரும் பி.எஸ்.ஓ-1. 1960-களின் வடிவமைப்பு. நான்கு மடங்கு பெரிதாக்கும். முன் லென்ஸ் 24 மில்லிமீட்டர். 24-ஐ 4-ஆல் வகுத்தால் 6. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அந்த 6 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞனின் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் வரை விரியும். எனவே அந்திப் பொழுதிலும் படம் பளிச்சென்று இருக்கும். பெரிதாக்குவதை எட்டு மடங்காக ஆக்கி லென்ஸை அப்படியே விட்டால் கற்றை 3 மில்லிமீட்டராகச் சுருங்கி, மசங்கல் வெளிச்சத்தில் படம் இருண்டுவிடும். ‘8எக்ஸ்தான் பெஸ்ட்’ என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

அந்த ஸ்கோப்பின் இடது கீழ்மூலையில் ஒரு வளைந்த கோடு இருக்கும். 1.7 மீட்டர் உயரமுள்ள ஆளின் கால் அடிக்கோட்டில் இருக்க, தலை அந்த வளைவைத் தொடும் இடத்தில் உள்ள எண்தான் தூரம். தலை ‘4’-ல் தொட்டால் 400 மீட்டர். பேட்டரியும் சின்ன பல்பும் உண்டு. சுவிட்சைத் தட்டினால் கோடுகள் சிவப்பாக ஒளிரும். கறுப்புக் கோடு கறுத்த மரநிழலில் காணாமல் போகும் என்பதற்காக அந்த ஏற்பாடு. விளக்கைக் கண்ணை உறுத்தும் அளவுக்கு ஏற்றிவிட்டால் கண்மணி சுருங்கி, இலக்கு மறைந்து கோடு மட்டும்தான் மிஞ்சும்.

பஸ் கண்ணாடியில் மிதக்கும் பல்பு

தொலைநோக்கிக்கு ஒரு கஷ்டம் உண்டு. கண்ணைச் சரியான இடைவெளியில் வைக்காவிட்டால் படம் ஓரத்தில் கறுத்துவிடும். ஐம்பது மீட்டரில் ஓடுகிற ஆளை அதற்குள் தேடிப் பிடிப்பதற்குள் அவன் போயிருப்பான். கிட்டத்தில் வேகமாகக் குறிபார்க்க வந்தது சிவப்புப் புள்ளி.

வேலூரிலிருந்து ஒடுகத்தூருக்குக் கடைசி பஸ்ஸில் வரும்போது ஜன்னல் கண்ணாடியைப் பாருங்கள். பஸ்ஸுக்குள் எரியும் பல்பு வெளியே வயலுக்கு மேல் மிதந்துகொண்டே வரும். வயலும் தெரியும், பல்பும் தெரியும். ரெட் டாட்டின் வேலை அதுவேதான், ஒரு திருத்தத்தோடு. அதன் கண்ணாடி கொஞ்சம் வளைந்தது. சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு கொண்டது. சின்ன எல்.இ.டி. ஒன்றின் ஒளி அதில் பட்டு இணைக்கதிர்களாகக் கண்ணுக்கு வருகிறது. இணைக்கதிர் என்றால் வெகு தொலைவிலிருந்து வருவதாகத்தான் கண் எடுத்துக்கொள்ளும். ஆக, புள்ளியும் இலக்கும் ஒருசேரத் தெளிவாகத் தெரிகின்றன. இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருக்கலாம். வெள்ளெழுத்துக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த யோசனைக்கு 1900-லேயே காப்புரிமை வாங்கியவர் டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப். வானியல் தொலைநோக்கி செய்வது அவர் தொழில். புனேயில் ஒரு காலத்தில் இருந்து, 1912-ல் கொடைக்கானலுக்கு வந்த 20 அங்குலத் தொலைநோக்கி கிரப் நிறுவனம் செய்ததுதான். அவர் காலத்தில் எல்.இ.டி. இல்லை. முதல் உலகப் போரின் கடைசியில் ஜெர்மன் விமானங்களில் இந்தக் குறி ஏறியது. கையில் பிடிக்கும் துப்பாக்கிக்கு ஏற்றபடி சுவீடனின் எய்ம்பாயிண்ட் 1975-ல் மின்னணுப் புள்ளியைக் கொண்டுவந்தது. அவர்களுடைய பின்னாளைய ஒரு மாடலில் ஒரு பேட்டரி 80,000 மணி நேரம் எரியும். எட்டு வருடத்துக்கு மேல் அணைக்கவே வேண்டாம்.

‘ஹோலோ’ என்பது வேறு சாதி. 1996-ல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. கண்ணாடிக்குள் பதிந்திருக்கும் ஹோலோகிராம் படத்தை லேசர் ஒளி எழுப்பிக் காட்டுகிறது. பேட்டரியை அது வேகமாகத் தின்னும். பேட்டரியே வேண்டாம் என்று டிரிடியம் வாயுக் குப்பி வைத்த குறிகளும் உண்டு, 12.3 வருடத்துக்கு ஒருமுறை அந்த வாயு பாதியாகக் குறையும், வெளிச்சமும் மங்கும். சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் போகும் நம் தமிழ்ப் பிள்ளைகளின் சார் 21 துப்பாக்கியில் 1.5 மடங்கு பெரிதாக்கும் குறிக்கண்ணாடி கைப்பிடிக்குள்ளேயே பொதிந்திருக்கும்.

என் அக்கா மகன் இப்போது படையில் இருக்கிறான். 2019-ல் நம் அரசு 72,400 சிக் 716 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டதே, அந்தத் தலைமுறை. அதன் முதுகில் பல் பல்லாக ஒரு ரெயில் ஓடும். எந்தக் குறியையும் அதில் மாட்டலாம். விடுமுறையில் வந்தவன் கேட்டான்: “இன்னா மாமா, இன்னும் பேக்சைட், ஃபோர்சைட்னு பேசிகினு இருக்கீங்க? கண்ணத் தொறந்து புள்ளிய வெச்சா முடிஞ்சிது.”

“புள்ளி சரியான எடத்துலதான் கீதுன்னு யாருடா உனக்குச் சொன்னது?” என்றேன். சிரித்தான். அவனுக்கும் தெரியும்.

ஜீரோ பார்க்காத புள்ளி

குறிக்கருவி குழலுக்கு மேலே சில அங்குலம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. குண்டு கீழிருந்து கிளம்பி, பார்வைக்கோட்டை வெட்டி மேலே ஏறி, பிறகு விழுந்து மறுபடியும் வெட்டும். எந்தத் தூரத்தில் இரண்டும் சேர வேண்டும் என்று நாம் திருகைத் திருப்பி வைப்பதற்குப் பெயர்தான் ஜீரோ. சுட்டு, குண்டுகள் எங்கே கொத்தாக விழுகின்றன என்று குரூப்பிங் பார்த்து, கிளிக் கிளிக்காக நகர்த்த வேண்டும். அளவு எம்.ஓ.ஏ.; ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது ஏறக்குறைய 2.9 சென்டிமீட்டர். 2 எம்.ஓ.ஏ. புள்ளி 100 மீட்டரில் ஆறு சென்டிமீட்டரை மூடும், 300-ல் பதினேழரையை மூடும். கருவியைக் கழற்றி மாட்டினாலோ கீழே போட்டாலோ மறுபடி ஜீரோ. ஐந்து மீட்டரில் சுட்டால் புள்ளிக்குக் கீழேதான் அடிபடும், ஏனென்றால் குழல் கீழே இருக்கிறது.

வேறு சிலவும் உண்டு. பனிமலையில் சாதாரண பேட்டரி சுருண்டுவிடும். ராஜஸ்தான் மதியத்தில் கானல் எழுந்து ஸ்கோப்புக்குள் இலக்கு நெளியும். கண்ணில் ‘சிலிண்டர் பவர்’ உள்ளவர்களுக்கு வட்டப் புள்ளி வால்முளைத்தோ சிதறியோ தெரியும். கருவி கெட்டுவிட்டது என்று அவசரப்படாமல் கைபேசிக் கேமரா வழியாகப் பாருங்கள். அதில் வட்டமாக இருந்தால் போக வேண்டியது கண் டாக்டரிடம்.

இதெல்லாம் இல்லாமலும் சுட முடியும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் துப்பாக்கி மேல் தொலைநோக்கி வைக்க விதி இடம் கொடுக்காது; புள்ளியும் ஒளிராது. பின்னால் ஓட்டை, முன்னால் வளையம், அவ்வளவே. பத்துப் புள்ளி பெற அடிக்க வேண்டிய வட்டம் அரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது இப்படித்தான். மூச்சும் விரலும் நிற்பதைப் பொறுத்தது அது. எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.

இருட்டில் தெரிவது

இருட்டுக்கு இரண்டு வகைக் கருவிகள். ஒன்று நட்சத்திர வெளிச்சத்தைப் பெருக்கும். ஒளி ஒரு தகட்டில் பட்டு எலெக்ட்ரானாகி, லட்சக்கணக்கான நுண்குழாய்களில் பெருகி, பச்சைத் திரையில் படமாகும். மசூலிப்பட்டினத்தில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நெடுங்காலமாகச் செய்வது இந்த வகையைத்தான். டேராடூனிலும் அரசின் ஒளியியல் தொழிற்சாலைகள் உண்டு. இரண்டாவது வகை உடம்பின் வெப்பத்தைப் படமாக்கும். அந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது. ஜெர்மானியத்தில் லென்ஸ் செய்ய வேண்டும், விலை ஏறுவதற்கு அது ஒரு காரணம். இலக்கைக் கணினி தொடர்ந்து பின்பற்றி, பொருந்தும் நொடியில் மட்டும் சுடவிடும் இஸ்ரேலியக் கருவியை நம் கடற்படை 2020-ல் தேர்ந்தெடுத்தது.

எங்கள் ஊருக்குப் பின்னால் ஜவ்வாது மலை. அந்த மலையில் காவலூரில் 1986-லிருந்து 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதே மலைச்சரிவில் நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு நாட்டுத் துப்பாக்கியோடு இறங்குகிறவர்களும் உண்டு. அவர்களைப் பொறுத்தவரை டார்ச்தான் ஒளிரும் குறிக்கருவி. வெளிச்சத்தில் இரண்டு கண் மினுங்கினால் சுட்டுவிடுவார்கள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1959-ன் ஆயுதச் சட்டமும் அவர்களுக்கு எதிரே நிற்கின்றன. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது. மினுங்கியது பன்றியா, பட்டிக்குத் திரும்பாத யாரோ ஒருவருடைய ஆடா, அதைத் தேடி வந்த ஆளின் கையிலிருந்த ஏதாவதா?

லட்ச ரூபாய்க் கருவிக்கும் இந்தக் குறை இருக்கிறது. வெப்பக் கருவி ஒரு மனித உருவத்தை வெள்ளையாகக் காட்டும். நம்மவனா, எதிரியா, மாடு மேய்க்கிறவனா என்று சொல்லாது. இரவுப் பயிற்சியில் ரெக்ரூட்டுகளிடம் நான் இரண்டு கேள்வி கேட்பேன். “புள்ளி எங்கே?” என்றால் உடனே பதில் வரும். “புள்ளியில் நிற்பது யார், அவனுக்குப் பின்னால் என்ன?” என்றால் தயங்குவார்கள். அதற்குப் பதில் வரும்வரை விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும். பித்தளை மணி வைத்த என் 12 போருக்கும் சிவப்புப் புள்ளி வைத்த சிக்குக்கும் அந்த விதி ஒன்றே.