சுருதி இறங்கும், தாளம் தப்பாது

ரிங்லெட் தோட்டத்துக் கோயில் பஜனையில் ஒலிநாடாவோடு சேர்ந்து பாடுவதாக வைத்துக்கொள்வோம். பாடகர் இரண்டு கட்டையில் பாடியிருக்கிறார். நம்மவர் குரலுக்கு ஒரு கட்டைதான் ஒத்துவருகிறது. என்ன செய்யலாம்?

கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். அதைச் சுமார் 11 விழுக்காடு மெதுவாக்கினால் சுருதி ஒரு கட்டைக்கு இறங்கிவிடும். ஆனால் 3 நிமிடப் பாட்டு 22 விநாடி நீண்டு, தாளமும் தளர்ந்துவிடும். பேட்டரி தீரும்போது பாட்டு இழுபடுவதும் இதனால்தான்.

தாளம் கெடாமல் சுருதியை மட்டும் இறக்க முடியுமா? கணினி இல்லாமலே முடியும். 1969இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஒரு மின்சுற்று உருவானது. தீயணைக்க வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவோம் அல்லவா? அதுபோல மின்தேக்கிகள் ஒலியை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கொடுக்கும். வாங்கியதைவிட மெதுவாகக் கொடுத்தால் சுருதி இறங்கும். அப்போது தேங்கும் சிறு துணுக்கை விட்டுவிட்டு அடுத்ததை ஒட்டினால் தாளம் தப்பாது. ஒட்டிய இடத்தில் மட்டும் குரல் சற்று நடுங்கும். இரண்டு வரிசைகளை மாறிமாறி ஒலிக்கவிட்டால் அந்த ஒட்டு அவ்வளவாகத் தெரியாது.

கருவி இல்லையென்றால் கவலை வேண்டாம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையைப் பிடித்துப் பாடுங்கள். அந்தப் பாட்டில் ஒட்டே இராது.