நாயின் பற்கள்

நாயின் வாய் நாறுவது இயற்கைதானே என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அஃது இயற்கையன்று, பெரும்பாலும் ஈறு நோயின் அறிகுறியே என்பதை இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

நாய்க்குட்டிக்குப் பாற்பற்கள் 28. ஏறத்தாழ 7 மாதத்திற்குள் அவை விழுந்து, மேல்தாடையில் 20, கீழ்த்தாடையில் 22, ஆக 42 நிலைப்பற்கள் முளைத்துவிடுகின்றன. நமக்கோ 32 பற்களே!

இப்பற்களின்மீது நுண்ணுயிர்கள் கூடி மெல்லிய படலமாகப் படிகின்றன. நாயின் உமிழ்நீர் நம்முடையதைவிடக் காரத்தன்மை மிக்கது. ஆதலால் நாய்களுக்குச் சொத்தைப்பல் அரிது. ஆயினும், உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்து அப்படலத்தில் சேர்ந்து, சில நாட்களிலேயே அதைக் கல்போன்ற காரையாக இறுகச் செய்கிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. இந்நிலையில் கவனித்தால் ஈறு பழையபடி நலம்பெறும். கவனியாது விட்டாலோ, பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்துவிடும். கரைந்த எலும்பு தானாக மீள்வதில்லை. சிறிய இன நாய்களுக்கு இந்நோய் மிகுதி.

நாய் தன் நோவை எளிதில் வெளிக்காட்டாது. பல் ஆடும்போதும் வாலாட்டிக்கொண்டு உண்ணும். ஆகவே, அது நன்றாக உண்கிறதே என்று நாம் வாளா இருத்தல் கூடாது. ஒருபுறமாக மெல்லுதல், ஈற்றில் குருதி கசிதல், கண்ணுக்குக் கீழே வீக்கம் ஆகியவற்றைக் கண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

வருமுன் காக்கும் வழி எளிது. படலம் இறுகுமுன் நாள்தோறும் துலக்கிவிடுவதே அது. முதலில் விரலில் ஈரத்துணியைச் சுற்றி மெல்லத் தேய்த்துப் பழக்குங்கள்; பின்னர் மென்மையான தூரிகையைக் கையாளலாம். கன்னத்தை ஒட்டிய வெளிப்புறத்தைத் துலக்குவதே இன்றியமையாதது. நமது பற்பசை ஆகாது. நாய் அதனைத் துப்பாமல் விழுங்கிவிடும்; சில பற்பசைகளிலுள்ள சைலிட்டால் என்னும் இனிப்பு அதன் உயிருக்கே கேடு விளைக்கும். நாய்களுக்கென்றே செய்யப்பட்ட பசையையே வாங்குங்கள். கடினமான எலும்பு பல்லைத் தூய்மை செய்யும் என்று நம்பிக் கொடுக்காதீர்கள். அது கடைவாய்ப்பல்லைப் பிளந்துவிடக்கூடும். இறுகிவிட்ட காரையை மருத்துவர்தாம் மயக்கமருந்து கொடுத்து நீக்குதல் வேண்டும்.

உங்கள் வீட்டில் நாய் இருப்பின், இன்றே அதன் உதட்டைச் சற்று உயர்த்திப் பாருங்கள். பல்லடியில் பழுப்புக் கறையோ ஈற்றில் சிவப்போ தென்பட்டால், காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுங்கள்.