ஒரு சுப்ரபாதம், இரண்டு தட்டு

எங்கள் வீட்டில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் இரண்டு இசைத்தட்டு இருக்கிறது. ஒன்று அப்பா வாங்கியது. உறையின் ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. திறந்தால் இன்னும் சாம்பிராணி வாசம் வரும். இன்னொன்று நான் சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் எடுத்தது. 2017 ஜூலை 10ஆம் தேதி அந்தச் சந்தையை மூடிவிட்டார்கள். அதற்குச் சில வாரம் முன்பு, ஒரு மேசை விசிறிக்கும் சார்ஜர் குவியலுக்கும் நடுவில் சாய்ந்து கிடந்தது. ஐந்து வெள்ளி சொன்னவர் மூன்றுக்குக் கொடுத்தார். “அதான் ஒண்ணு இருக்கே, எதுக்கு இன்னொண்ணு?” என்றாள் மனைவி. இந்தக் கட்டுரையை அவளுக்கான பதில் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டிலும் எம்.எஸ்.தான் பாடுகிறார். 1963இல் வெளிவந்த பதிவும் ஒன்றுதான். ஆனால் சுவா சூ காங்கில் எங்கள் நாலறை வீட்டுக் கூடத்தில் இரண்டையும் அடுத்தடுத்துச் சுழலவிட்டால் ஒன்றுபோல் கேட்பதில்லை. சுங்கை ரோடு தட்டில் எம்.எஸ். முன்னால் வந்து நிற்கிறார். அப்பாவின் தட்டில் சற்றுத் தள்ளி, திரைக்குப் பின்னால் இருக்கிறார். கூடவே என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு தள்ளாட்டம். தட்டு சேர்ப்பவர்கள் இதைத்தான் ‘பிரஸ்ஸிங் வித்தியாசம்’ என்பார்கள். கோல்மன் ஸ்திரீட்டில் அடெல்ஃபி கட்டடத்துத் தட்டுக் கடைகளில் கால் மணி நேரம் நின்றால் போதும், முதல் பிரஸ்ஸிங்கா, எந்த நாட்டில் அடித்தது என்ற பேச்சு காதில் விழும். விலையும் அதை வைத்துத்தான்.

தட்டு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் இந்தப் பேச்சில் எது சரக்கு, எது சரடு என்று பிரிக்கலாம். ஒலிநாடாவில் இருக்கும் பாட்டை, அரக்குப்பூச்சு மாதிரி ஒரு மென்பூச்சு தடவிய அலுமினியத் தட்டில் ஓர் ஊசி சுழல்கோடாக வெட்டிக்கொண்டே போகும். அந்தத் தட்டின்மேல் மின்முலாம் பூசி நிக்கலைப் படியவைத்து உரித்தால், பள்ளமெல்லாம் மேடாகத் தெரியும் ஓர் உலோக வார்ப்பு வரும். அதற்குத் தகப்பன் என்று பெயர். தகப்பனிலிருந்து தாய், தாயிலிருந்து ‘ஸ்டாம்பர்’ என்னும் அச்சு. ஏறக்குறைய 150 டிகிரி சூட்டில் குழைந்த வினைல் உருண்டையை இரண்டு ஸ்டாம்பர்களுக்கு நடுவில் வைத்து நூறு டன் கணக்கில் அழுத்தினால், அரை நிமிடத்தில் ஒரு தட்டு. ஒரு ஸ்டாம்பர் ஆயிரம், இரண்டாயிரம் தட்டு அடித்ததும் மழுங்கிவிடும். கொழுக்கட்டை அச்சு தேய்ந்தால் பூவிதழ் மொண்ணையாக விழுமே, அதே கதைதான்.

எந்த வம்சத்துத் தட்டு என்று அதிலேயே எழுதியிருக்கும். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடைவெளியில், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் சில எண்களும் எழுத்துகளும் தெரியும். இங்கிலாந்தில் ஹேய்ஸ் நகரிலிருந்த இஎம்ஐ நிறுவனத்தின் தட்டு ஆலை ஸ்டாம்பர் எண்ணையே ரகசியக் குறியாகப் பொறித்தது. ‘கிராமஃபோன் லிமிடெட்’ என்பதைச் சுருக்கிப் பத்து எழுத்து எடுத்து, ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3 என்று வைத்துக்கொண்டார்கள். (ஒன்பதுக்கும் பூஜ்யத்துக்கும் உரிய ஆங்கில எழுத்துகள் இரண்டையுமே நாம் ‘டி’ என்றுதான் எழுத வேண்டும். நல்லவேளை, கணக்கு வைத்தவர் தமிழர் இல்லை.) சுவா சூ காங்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஜூரோங்கிலும் ஒருகாலத்தில் இஎம்ஐயின் தட்டு ஆலை ஓடியது. ஆனால் தமிழ் இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை கல்கத்தாவிலிருந்து கப்பலேறித்தான் சிராங்கூன் சாலைக்கு வந்தன.

என்னுடைய இரண்டு தட்டுகளிலும் லேபிள் ஓரத்து எண்ணில், எந்த வெட்டு என்று காட்டும் கடைசி இலக்கம் வேறு வேறு. அதாவது ஒரே நாடாவை இரண்டு தடவை, இரண்டு பேர் வெட்டியிருக்கலாம். வெட்டுபவர் கையில்தான் பாதி விஷயம் இருக்கிறது. சத்தமாக வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடும், இடம் அதிகம் பிடிக்கும், சுருள் லேபிளை நெருங்கி முடியும். அடக்கி வெட்டினால் முன்னாலேயே முடிந்துவிடும். அடிக்கோல் வைத்து அளந்தேன். சுங்கை ரோடு தட்டில் பாட்டு முடிவது நடுப்புள்ளியிலிருந்து 6.2 சென்டிமீட்டரில், அப்பாவின் தட்டில் 6.9இல்.

ஏழு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றுகிறது. வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்ளே போகப்போக வட்டம் சிறுத்து, கடைசியில் 21, 22 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். ‘ஸ்ரீ’ என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சீறலில் 8,000 ஹெர்ட்ஸ் வரை அதிர்வு இருக்கிறது. வெளி ஓரத்தில் அதன் ஓர் அலை 64 மைக்ரான் நீளத்தில், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி அகலத்தில், தாராளமாக உட்கார்ந்திருக்கும். உள்வட்டத்தில் அதே அலை 26 மைக்ரானில் நெருக்கியடித்து நிற்கும். சாதாரண உருண்டை முள்ளின் நுனி விட்டமோ 36 மைக்ரான். லாரிச் சக்கரம் சின்னக் குழியில் இறங்காமல் விளிம்பில் இடித்துக்கொண்டு போவதுபோல் முள் தாண்டிப் போகும். அதுதான் பக்கம் முடியும்போது வரும் ‘ஷ்ஷ்’ என்ற கரகரப்பு. சமஸ்கிருத தோத்திரத்தில் ஸ்ரீக்கும் ஸகாரத்துக்கும் பஞ்சமா? தட்டைச் சோதிக்க இதைவிட நல்ல பாட்டு கிடைக்காது.

இன்னொரு சோதனைக் கருவியும் இந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. தம்பூரா.

எங்கள் எதிர்வீட்டு அங்கிள் சீனர். எழுபது வயதைத் தாண்டியும் எர்ஹு என்னும் சீனத் தந்திவாத்தியம் வாசிக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எது எந்தத் தட்டு என்று சொல்லாமல் இரண்டையும் போட்டேன். அப்பாவின் தட்டு ஓடி பத்து நொடி ஆகவில்லை. கையை நீட்டி, படகு ஆடுவதுபோல் மெல்ல ஆட்டிக் காட்டினார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. சுருதி ஆடுகிறது. 1.8 நொடிக்கு ஒரு தடவை, அதாவது தட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும், தம்பூரா ஏறி இறங்குகிறது.

காரணம் கண்ணுக்கே தெரிந்தது. முள் தாங்கியிருக்கும் கை இடவலமாக ஊஞ்சலாடியது. நடுத்துளை மையத்தில் இல்லாமல் அரை மில்லிமீட்டர் விலகினாலே, 7.5 சென்டிமீட்டர் ஆரத்தில் வேகம் 0.67 விழுக்காடு கூடும், பிறகு அதே அளவு குறையும். மேலுக்கும் கீழுக்கும் சேர்த்து 1.33 விழுக்காடு. நம் 22 சுருதிக் கணக்கில் மிகச் சிறிய இடைவெளி 81க்கு 80, அதாவது 1.25 விழுக்காடு. ஆக, உள்வட்டத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஆதார ஷட்ஜம் முழுசாக ஒரு சுருதி தூரம் போய்வந்துகொண்டிருந்தது! எம்.எஸ். குரலோடு போனதால் இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் இருந்தது, அசையாத தம்பூராவைப் பிடித்துக்கொண்ட அங்கிளுக்கு உடனே தெரிந்தது.

துளை விலகுவது ஆலையிலேயே நடப்பதுண்டு. எங்கள் தட்டில் குற்றம் எங்களுடையது. அப்பா வைத்திருந்தது தட்டுகளை அடுக்கிவைத்தால் ஒவ்வொன்றாகத் தானே கீழே போடும் ‘சேஞ்சர்’. வருஷக்கணக்காக விழுந்து விழுந்து துளை பெருத்து, நடுக்கம்பியில் தட்டு தொளதொளவென்று உட்காருகிறது. விரல் நுனியால் மயிரிழை மயிரிழையாகத் தள்ளி, கை ஆடாமல் நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். ஆட்டம் நின்றது. ‘பழைய பிரஸ்ஸிங்கின் குணம்’ என்று நான் நண்பர்களிடம் அளந்ததெல்லாம் தேய்ந்துபோன ஓர் ஓட்டையின் குணம்!

அடுத்து, சுங்கை ரோடு தட்டின் ‘முன்னால் வந்து நிற்கும்’ குரல். இரண்டையும் கணினியில் பதிந்து அளவைப் பார்த்தேன். அது 1.6 டெசிபல் கூடுதல் சத்தம், அவ்வளவுதான். பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே காட்டிவிட்டார்கள்: சத்தம் குறைந்தால் நம் காது எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைத்துக் கேட்பதில்லை, அடிக்குரலை அதிகமாக இழக்கிறது. அதனால் கொஞ்சம் சத்தமான பதிவு ‘சத்தமாக இருக்கிறது’ என்று தோன்றாது, ‘நிறைவாக இருக்கிறது’ என்றே தோன்றும். சத்தத்தைச் சமன் செய்யாமல் இரண்டு தட்டை ஒப்பிடுவது, ஒருவனை முக்காலியில் ஏற்றிவிட்டு யார் உயரம் என்று கேட்பதற்குச் சமம். சமன் செய்து, காசு சுண்டி வரிசையை முடிவுசெய்து, அங்கிளுக்கும் மனைவிக்கும் எனக்கும் ஏழு முறை போட்டோம். பாட்டின் முன்பாதியில் மூவராலும் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை, பெரிய பெரிய காதுகளும் ஏமாந்திருக்கின்றன. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் பழைய ஆல்பங்களை மூல நாடாவிலிருந்து மறுவார்ப்புச் செய்து விற்கிறது. டிஜிட்டல் படாத சுத்த அனலாக் ஒலி என்று ரசிகர்கள் அவற்றைக் கொண்டாடினார்கள். 2011 முதலே நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022இல் அம்பலமானது. வாங்கியவர்கள் தொடுத்த வழக்கு 2.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அத்தனை வருஷமும் விமர்சகர்கள் தட்டைக் கேட்டுக் குறை சொல்லவில்லை, சொல்லிக் கேட்டபிறகுதான் சொன்னார்கள்.

பிரஸ்ஸிங் வித்தியாசமே பொய் என்று சொல்லவரவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடியில் வினைலுக்குத் தட்டுப்பாடு வந்தது. பல நாட்டு ஆலைகள் விற்காத தட்டுகளை அரைத்துக் கலந்தன. சில சமயம் லேபிள் காகிதத் துணுக்கும் சேர்ந்தே போனது. அந்தத் தட்டுகளின் பொரிச்சல் எந்தக் காதுக்கும் கேட்கும். சிங்கப்பூரின் 80 விழுக்காட்டைத் தாண்டிய ஈரப்பதம் இன்னொரு கதை. அட்டை உறையில் பூஞ்சை பிடித்துப் பள்ளத்துக்குள் வந்துவிடும். ஆனால் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் தங்காது, தூசி அவ்வளவாக ஒட்டாது. குளிர்சாதன அறையில் வைத்துக் கேட்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. மோனோ தட்டாக இருந்தால், பெருக்கியில் ‘மோனோ’ பொத்தான் உண்டா என்று பாருங்கள். மோனோவில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவு முழுவதும் தூசியும் கீறலும்தான். பொத்தானை அழுத்தினால் அந்தச் சத்தம் காணாமல் போகும்.

கடைசியில் எது ஜெயித்தது? ஏழு முறையும் பக்கம் முடியும் பகுதியில் மூவரும் தயங்காமல் ஒரே தட்டைத்தான் காட்டினோம். முன்னால் வந்து நின்ற சுங்கை ரோடு தட்டு உள்வட்டத்தில் ஸ்ரீக்கு ஸ்ரீ சீறியது. மையத்தில் நிறுத்தப்பட்ட அப்பாவின் தட்டில் மங்களம் நெய்போல் இறங்கியது. அடக்கி வெட்டிய அந்தக் கைக்கு நன்றி.

உங்கள் வீட்டுப் பரண்மேலும் இப்படி ஒன்று கிடக்கலாம். பெரியவர் போய்விட்டார், தட்டு போடப் பெட்டி இல்லை என்று குப்பைக் குழாயில் தள்ளிவிடாதீர்கள். முதலில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து லேபிள் ஓரத்து எண்ணைக் குறித்துவையுங்கள். பிறகு தட்டை வெயில் படாத இடத்தில், படுக்கவைக்காமல், புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள்.