வறண்ட நிலத்திற்கு ஏற்ற மக்காச்சோளம்

மழை பொய்க்கும் நிலத்து உழவன் விதை வாங்கச் செல்லும்போது என்ன கேட்க வேண்டும்? “எந்த ரகம் மிகுதியாக விளையும்?” என்றே நம்மில் பலர் கேட்போம். அது பாதிக் கேள்விதான். ஜிம்பாப்வே நாட்டின் அனுபவம் மறுபாதியைக் காட்டுகிறது.

அந்நாடு தெற்கு ரொடீஷியா எனப் பெயர் பெற்றிருந்த 1960-ஆம் ஆண்டில், எஸ். ஆர். 52 என்னும் வீரிய ஒட்டு மக்காச்சோளம் வெளியிடப்பட்டது. நல்ல மண்ணும் நிறைந்த மழையும் வாய்த்த பண்ணைகளில் அது விளைச்சலை வாரி வழங்கியது. ஆனால் அது முதிர நெடுநாள் வேண்டும். அங்கே மழைக்காலம் நவம்பரில் தொடங்கி மார்ச்சு அளவில் முடிகிறது. மணற்பாங்கான வறண்ட பகுதிகளிலோ மழை பிந்தி வரும், முந்தி ஓயும். ஆகவே 1970-களில் ஆர். 200, ஆர். 201 போன்ற குறுகிய கால ரகங்கள் வந்தன. மழை ஓயுமுன் முதிர்ந்து வறட்சியிலிருந்து தப்புவதே இவற்றின் வழி. நல்ல மழை பெய்யும் ஆண்டில் இவை நெடுங்கால ரகத்தைவிடக் குறைவாகவே விளையும். அதுவே பாதுகாப்புக்கு நாம் தரும் விலை.

பருவத்தின் இறுதியில் மழை நின்றால் இவ்வழி உதவும். பூக்கும் நேரத்திலேயே நின்றால்? மக்காச்சோளச் செடியின் உச்சியில் ஆண்பூக்களும், நடுத்தண்டில் பெண்கதிரும் தோன்றுகின்றன. கதிரின் நுனியில் பட்டுநூல்போல் தொங்கும் ஒவ்வோர் இழையும் ஒவ்வொரு மணிக்கு உரியது. நீர் குறைந்தால் அவ்விழைகள் தாமதமாக வெளிவரும். அதற்குள் மகரந்தம் உதிர்ந்து தீர்ந்துவிட்டால், கதிர் இருக்கும், மணி இராது.

மெக்சிக்கோவிலுள்ள பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு நிலையத்து அறிஞர்கள் 1970-களிலிருந்து ஒரு முறையைக் கையாண்டனர். மழையற்ற பருவத்தில் பயிரிட்டு, பூக்குந்தறுவாயில் பாசனத்தை வேண்டுமென்றே குறைத்தனர். அந்நிலையிலும் இழைகளைக் காலத்தோடு வெளியிட்ட செடிகளையே தேர்ந்து பெருக்கினர். வறட்சியைத் தாங்கும் ரகங்கள் உருவாக இம்முறை வழிவகுத்தது.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஒட்டு ரகத்தின் மணியைச் சேமித்து மீண்டும் விதைத்தால் வீரியம் குறையும். ஆண்டுதோறும் புதுவிதை வாங்க வேண்டும். இயல்பாக மகரந்தச் சேர்க்கையுறும் ரகங்களின் விதையையோ உழவன் தானே எடுத்து வைக்கலாம். கைப்பொருள் இல்லாதவனுக்கு இது பெரிய வேறுபாடு.

நீரே இல்லாமல் விளையும் ரகம் எதுவும் இல்லை. 1991-92-ஆம் ஆண்டின் கொடும் வறட்சியில் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகள் பல உணவுத் தானியத்திற்காகக் கடல்கடந்த நாடுகளை நாட நேர்ந்தது. ஆகவே, “நல்ல ஆண்டில் எவ்வளவு விளையும்?” என்பதோடு, “தீய ஆண்டில் எவ்வளவு மிஞ்சும்?” என்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டாம் கேள்வியின் விடையில்தான் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவு அடங்கியிருக்கிறது.