கணக்குப் பாடம் எந்த மொழியில்? சோவெட்டோ, 1976

தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோ எழுச்சி ஒரு பாடமொழி ஆணையில் தொடங்கியது. கணக்கையும் சமூகப் பாடத்தையும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் நடத்த வேண்டும் என்றது வெள்ளையர் அரசு. முடியாது என்றார்கள் கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள். 1976 ஜூன் 16 அன்று ஊர்வலமாக வந்த அவர்களைப் போலீஸ் சுட்டது. அன்று மூண்ட தீ அடுத்த பிப்ரவரி வரை அணையவில்லை. அதற்குள் நாடெங்கும் இறந்தவர்கள், அரசே அமைத்த விசாரணைக் குழுவின் கணக்குப்படி, 575 பேர். உண்மையில் 700-க்குக் குறையாது என்பார்கள் பலர்.

சோவெட்டோ என்பது பழைய ஊர்ப்பெயர் அல்ல. ‘தென்மேற்குக் குடியிருப்புகள்’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதிகாரிகள் வைத்த பெயர். ஜோஹன்னஸ்பர்க்கின் ஆலைகளிலும் கடைகளிலும் வெள்ளையர் வீட்டு அடுப்படிகளிலும் உழைத்த கறுப்பின மக்கள், வேலை முடிந்ததும் ரயிலேறி இங்கே திரும்பிவிட வேண்டும். நகரத்துக்குள் குடியிருக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த சிறு வீடுகள். பெரும்பாலானவற்றில் மின்சாரம் இல்லை. 16 வயது நிறைந்த கறுப்பினத்தவர் எவரும் பாஸ் புத்தகம் என்ற அனுமதி ஆவணம் இல்லாமல் வெளியே நடமாடினால் கைதுதான்.

பள்ளிக்கூடமும் இதே ஏற்பாட்டின் ஒரு பகுதி. கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனிக் கல்வியை வகுத்த பாண்டு கல்விச் சட்டம் 1953-ல் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அன்றைய பூர்வகுடி விவகார அமைச்சர் ஹெண்ட்ரிக் ஃபெர்வூர்ட், பின்னாளில் பிரதமரானவர். சில வகைக் கூலி வேலைகளுக்கு மேல் வெள்ளையர் சமூகத்தில் இவர்களுக்கு இடமில்லை, பயன்படுத்தவே வாய்ப்பில்லாத கணிதத்தைக் கற்றுக்கொடுத்து என்ன பயன் என்பது அவர் வாதம். அதை ஒளித்துப் பேசவில்லை; நாடாளுமன்றத்திலேயே சொன்னார். 1970-களின் நடுவில் ஒரு வெள்ளையர் பிள்ளையின் படிப்புக்கு அரசு ஆண்டுக்கு 644 ராண்ட் செலவிட்டது. ஒரு கறுப்பினப் பிள்ளைக்கு 42 ராண்ட்.

இந்தப் பள்ளிகளின் மேல்தான் 1974-ன் ஆணை விழுந்தது. தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பிலிருந்து கணக்கும் சமூகப் பாடமும் ஆஃப்ரிகான்ஸில். அறிவியலும் தச்சு, தையல் போன்ற தொழிற்பாடங்களும் ஆங்கிலத்தில். சமய போதனை, இசை, உடற்பயிற்சி ஆகியவை மட்டும் தாய்மொழியில். பாதிக்குப் பாதி என்று அரசு இதை நியாயம்போலக் காட்டியது. வீட்டில் ஜூலுவோ சோத்தோவோ பேசும் பிள்ளை, ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி ஒருவழியாகத் தேறிவரும் நேரத்தில், வட்டிக் கணக்கை மூன்றாவதாக ஒரு மொழியில் போட வேண்டும். கேள்வி என்ன கேட்கிறது என்று புரிந்தால்தானே கூட்டுவதா கழிப்பதா என்று யோசிக்க முடியும்? ஆசிரியர்களில் பலருக்கே ஆஃப்ரிகான்ஸில் பாடம் நடத்தும் அளவுக்குப் பயிற்சி இல்லை.

ஆங்கிலம் மட்டும் அவர்கள் தாய்மொழியா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் ஆங்கிலம் வேலைக்கும் வெளியுலகுக்கும் வழி திறந்தது. ஆஃப்ரிகான்ஸோ பாஸ் கேட்கும் போலீஸ்காரரும் முத்திரை குத்த மறுக்கும் அலுவலரும் பேசிய மொழி. டச்சிலிருந்து தென்னாப்பிரிக்க மண்ணில் உருவான அந்த மொழியைக் கேப் பகுதியின் கலப்பினப் பாமரரும் தாய்மொழியாகப் பேசினார்கள் என்பது உண்மை. என்றாலும் சோவெட்டோவின் காதுக்கு அது அதட்டும் மொழியாகத்தான் வந்து சேர்ந்தது.

பெற்றோரும் பள்ளி வாரியங்களும் முதலில் மனுப் போட்டுப் பார்த்தார்கள். மக்களிடம் கலந்து பேசவில்லை, பேசப்போவதும் இல்லை என்றார் துணையமைச்சர் பண்ட் யான்சன். ஆணையை ஏற்காத வாரிய உறுப்பினர்கள் நீக்கப்பட்டார்கள். 1976 மே மாதத்தில் ஆங்கிலிகன் திருச்சபையின் ஜோஹன்னஸ்பர்க் டீனாக இருந்த டெஸ்மண்ட் டூட்டு, மக்கள் பொறுமையின் விளிம்பில் நிற்கிறார்கள் என்று பிரதமர் ஜான் வோர்ஸ்டருக்குக் கடிதம் எழுதினார். வோர்ஸ்டர் அதைப் பொருட்படுத்தவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்று பின்னால் எவரும் சொல்ல முடியாத அளவுக்கு அரசுக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்திருந்தது.

ஒர்லாண்டோ மேற்குப் பகுதிப் பள்ளிகளில் வகுப்புப் புறக்கணிப்பு தொடங்கியது. ஜூன் 13 ஞாயிறன்று மாணவர்கள் கூடி ஒரு செயற்குழு அமைத்தார்கள். மோரிஸ் ஐசக்சன் உயர்நிலைப் பள்ளியின் 19 வயது மாணவர் சீயெட்சி மஷினினி, புதன்கிழமை ஊர்வலம் போகலாம் என்றார். பெற்றோரிடம் மூச்சு விடக்கூடாது என்றும் பேசி வைத்துக்கொண்டார்கள். புதன்கிழமை அதிகாலை வழக்கம்போல ரயிலேறி வேலைக்குப் போன தாய் தகப்பனுக்கு, பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்பதே தெரியாது.

பல பள்ளிகளிலிருந்தும் சீருடையோடு கிளம்பியவர்கள் ஒர்லாண்டோ மைதானத்தில் கூடுவதாகத் திட்டம். பத்தாயிரத்துக்குக் குறையாத கூட்டம். நோட்டு அட்டையிலும் காகிதப் பெட்டியிலும் எழுதிய தட்டிகள். நாங்கள் ஆஃப்ரிகான்ஸ் படிக்க வேண்டுமென்றால் வோர்ஸ்டர் ஜூலு படிக்கட்டும் என்றது அவற்றில் ஒன்று. ஒர்லாண்டோ மேற்கில், விலகாஸி தெருவை ஒட்டி, போலீஸ் வழிமறித்தது. கண்ணீர்ப்புகைக் குண்டு வீசினார்கள், நாயை ஏவினார்கள், பிள்ளைகள் அதைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள். பிறகு துப்பாக்கி வெடித்தது. சுடுமுன் எச்சரித்தார்கள் என்பதை அங்கிருந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் குண்டு பாய்ந்தது 15 வயது ஹேஸ்டிங்ஸ் நிட்லோவு என்ற மாணவர் மீது என்று கருதப்படுகிறது. ஆனால் உலகம் அறிந்த பெயர் ஹெக்டர் பீட்டர்சன், வயது 12. சுருண்டு விழுந்த சிறுவனை ம்புயிசா மகுபோ என்ற 18 வயது இளைஞர் இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு ஓடினார். பக்கத்திலேயே ஹெக்டரின் அக்கா ஆன்டொனெட், உள்ளங்கையை விரித்து அலறியபடி ஓடினார். ‘தி வேர்ல்ட்’ நாளிதழின் புகைப்படக்காரர் சாம் நிசிமா அடுத்தடுத்து ஆறு படங்கள் எடுத்து, ஃபிலிம் சுருளைக் காலுறைக்குள் ஒளித்தார். போலீஸ் சோதனையில் மற்ற சுருள்கள் பாழாயின, இது தப்பியது. மறுநாள் உலகப் பத்திரிகைகளில் அந்தப் படம் வந்தது. ஹெக்டரின் குடும்பப் பெயர் உண்மையில் பிட்சோ. கலப்பினத்தார் என்று பதிவானால் கெடுபிடி கொஞ்சம் குறையும் என்பதால் குடும்பம் பீட்டர்சன் என்று மாற்றிக்கொண்டிருந்தது.

செய்தி பரவியதும் கூட்டத்தின் கோபம் கட்டு மீறியது. சோவெட்டோவை ஆண்ட நிர்வாக வாரியத்தின் கட்டடங்களும் அந்த வாரியம் நடத்திய பீர்க்கடைகளும் எரிந்தன. அப்பன்களின் கூலியைக் கறந்து அந்தக் காசிலேயே தங்களை ஆளும் கடைகள் என்று அவற்றின் மேல் பிள்ளைகளுக்கு வெகுநாள் ஆத்திரம். சோவெட்டோ இளைஞர்களின் மனநிலையை ஆராய்ந்து, அவர்கள் நலனுக்காக வேலை பார்த்த வெள்ளையர் மெல்வில் எடெல்ஸ்டைன் அன்று கூட்டத்தின் கையில் சிக்கி அடிபட்டு இறந்தார். எழுச்சியைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்தச் சாவை விட்டுவிடக் கூடாது. இரவில் ‘ஹிப்போ’ என்ற கவச வண்டிகள் உள்ளே வந்தன. மறுநாள் சுமார் 1,500 போலீசார், தலைக்கு மேல் ஹெலிகாப்டர்கள். ஜோஹன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக வெள்ளை மாணவர்கள் சில நூறு பேர் கண்டன ஊர்வலம் போனார்கள். ஜூன் 19 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது.

ஜூலை தொடக்கத்தில், துப்பாக்கிச் சூடு நடந்து மூன்றே வாரத்தில், ஆஃப்ரிகான்ஸ் கட்டாயம் இல்லை என்று அரசு இறங்கிவந்தது. ஒரு சுற்றறிக்கையில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அதற்குள் கேள்வியே வேறாகிவிட்டது. பாடமொழி போய், ஆளும் உரிமை யாருக்கு என்ற இடத்துக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஆகஸ்டில் எழுச்சி கேப் டவுன் வரை பரவியது. பெற்றோரும் வேலைக்குப் போகாமல் ஆதரவு தந்தார்கள். மஷினினியின் தலைக்குப் போலீஸ் 500 ராண்ட் விலை வைத்தது; அவர் எல்லை தாண்டித் தப்பி, 1990-ல் கினியாவில் இறந்தார். அவரைப் போல ஆயிரக்கணக்கான இளைஞர்கள் போட்ஸ்வானாவுக்கும் ஸ்வாசிலாந்துக்கும் போய், ஓய்ந்து கிடந்த விடுதலை இயக்கங்களுக்குப் புது ரத்தம் ஆனார்கள். 1977 செப்டம்பரில் கறுப்பின விழிப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பீக்கோ போலீஸ் காவலில் இறந்தார். அக்டோபர் 19 அன்று அந்த இயக்கத்தின் அமைப்புகளோடு ‘தி வேர்ல்ட்’ நாளிதழும் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே ஐ.நா. கட்டாய ஆயுதத் தடை விதித்தது. வெள்ளையர் ஆட்சி விழ மேலும் 17 ஆண்டுகள் ஆயின.

ஜூன் 16 இன்று அந்த நாட்டில் இளைஞர் தினம், அரசு விடுமுறை. 1996-ன் அரசியல் சட்டம் ஆஃப்ரிகான்ஸையும் ஜூலுவையும் சேர்த்து 11 மொழிகளை ஒரே வரிசையில் ஆட்சிமொழி ஆக்கியது. ஒர்லாண்டோ மேற்கில் ஹெக்டர் பீட்டர்சன் அருங்காட்சியகம் 2002-ல் திறக்கப்பட்டது. போலீஸ் தொல்லை தாங்காமல் தொழிலை விட்டு ஊருக்குப் போன சாம் நிசிமாவுக்கு அந்தப் படத்தின் உரிமை 1998-ல்தான் கிடைத்தது. சிறுவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய ம்புயிசா, போலீஸ் தேடியதால் நாட்டை விட்டுப் போனார். 1978-ல் நைஜீரியாவிலிருந்து தாய்க்கு ஒரு கடிதம் வந்தது. அதுவே கடைசி.