சாவி கைமாறினால் போதுமா?

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைக் கவனித்திருப்பீர்கள். தரகரும் வாங்குகிறவரும் மேல் துண்டுக்குள் விரல்களைப் பிடித்துப் பார்த்தே கணக்கை முடித்து விடுவார்கள். விலை படிந்ததும் ரூபாய் கைமாறும். விற்றவர் தம் பழைய கயிற்றை அவிழ்த்துக் கொள்வார். வாங்கியவர் புதுக் கயிற்றைக் கட்டி ஓட்டிப் போவார். பிறகு அந்த மாடு யார் வயலில் மேய்ந்தாலும் விற்றவரைக் கேட்பாரில்லை.

பழைய மோட்டார் காரை விற்கும் நம்மவர்களில் அநேகர் இதே மனோபாவத்துடன்தான் விற்கிறார்கள். பணம் வந்தது, சாவி போயிற்று, விவகாரம் தீர்ந்தது என்று நிம்மதியாக உறங்கப் போகிறார்கள். ஆனால் கார் விஷயத்தில் கயிறு என்பது சாவியல்ல. சர்க்கார் ரிஜிஸ்டரில் எழுதப்பட்டிருக்கும் பெயரே கயிறு. அது மாறாத வரையில் வண்டி எந்த ஊரில் ஓடினாலும் அதன் மறு முனை விற்றவர் வீட்டு வாசலில்தான் கட்டப்பட்டிருக்கிறது.

இது வெறும் பயமுறுத்தலன்று. வடக்கே ஒருவர் 2007-இல் தம் காரை விற்றார். வாங்கியவர் வேறொருவருக்கு விற்க, அவர் இன்னொருவருக்கு விற்க, வண்டி இப்படிப் பல கைகள் மாறிற்று. ஒருவராவது ரிஜிஸ்டரில் பெயரை மாற்றிக் கொள்ளவில்லை. 2009-இல் அந்தக் கார் விபத்துக்குள்ளாகி ஓர் உயிர் போயிற்று. நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் யார்? கடைசியில் கார் யாரிடம் இருந்ததோ அவரா, அல்லது முதலில் விற்றவரா? வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. ரிஜிஸ்டரில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர் என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. விற்று இரண்டு வருஷம் கழித்து, தாம் கண்ணாலும் காணாத ஒரு விபத்துக்காக அந்த மனிதர் பொறுப்பேற்க நேர்ந்தது.

புதிய சொந்தக்காரர் இன்ஷூரன்ஸை ஒழுங்காகப் புதுப்பித்து வந்தால் நஷ்டஈட்டுச் சுமையைக் கம்பெனி ஏற்கும். அவர் அதை மறந்து விட்டாரானால், பாரம் விற்றவருடைய வீட்டின் மீதும் சேமிப்பின் மீதும் இறங்கும். ஆகையால், விற்பனை என்பதை ஒரே நாளில் முடியும் காரியமாக நினைக்காமல், சில படிகளாக நினைத்துக் கொள்வது உத்தமம்.

விலை பேசும் முன்

முதலில் தஸ்தாவேஜுகள். ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், வரி ரசீது ஆகியவை கையில் இருக்க வேண்டும். பாங்கிக் கடனில் வாங்கிய கார் என்றால், கடனை அடைத்ததோடு வேலை முடிந்து விடாது. பாங்கியார் கையெழுத்திட்ட 35-ஆம் நம்பர் பாரத்தைக் கொடுத்து, ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்க வேண்டும். போக்குவரத்து அபராதம் ஏதேனும் பாக்கி இருக்கிறதா என்பதையும் சர்க்காரின் பரிவாகன் தளத்தில் பார்த்துக் கட்டி விடலாம்.

வண்டியில் உள்ள குறைகளை மறைக்க வேண்டாம். பழுது பார்த்தது, மோதியது எல்லாவற்றையும் சொல்லி, எழுத்திலும் கொடுத்து விட்டால், பின்னால் சச்சரவுக்கு இடமிராது. உண்மை சொல்வதால் விலை சற்றுக் குறையலாம். ஆனால் தூக்கம் குறையாது.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்பது வாங்குகிறவருடைய நியாயமான உரிமை. எனினும் முதலில் அவருடைய லைசென்ஸைப் பாருங்கள். பகல் வேளையில், ஜன நடமாட்டமுள்ள இடத்தில் சந்தியுங்கள். நீங்களும் வண்டியில் ஏறிக் கொள்ளுங்கள். "ஒரு சுற்றுப் போய் வருகிறேன், ஸார்!" என்று சொல்லிப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததாகச் சரித்திரமில்லை.

பணம்

2017 ஏப்ரல் முதல், ஒரே விற்பனைக்காக இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அவ்வளவும் அபராதமாகப் போகக்கூடும். அந்த அபராதம் பணம் பெற்றவரைத்தான் சாரும். எனவே பாங்கி மூலம் பெறுவதே மேல். அதிலும், வந்தவர் தம் டெலிபோனில் காட்டும் ரசீதுப் படத்தையோ, வந்து சேர்ந்த குறுஞ்செய்தியையோ நம்பலாகாது. உங்கள் கணக்கை நீங்களே திறந்து பார்த்து, தொகை ஏறியிருக்கிறது என்று கண்ட பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வகை மோசடிக்காரர்களும் உண்டு. வண்டியைப் பார்க்காமலே கேட்ட விலைக்குச் சம்மதிப்பார்கள். ராணுவத்தில் இருப்பதாகக் கூடச் சொல்லிக் கொள்வார்கள். பிறகு, முன்பணம் அனுப்புவதாகக் கூறி, ஒரு கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அழுத்தச் சொல்வார்கள். ஒன்றை மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள்: பணம் கொடுப்பதற்குத்தான் ரகசிய எண் வேண்டும், வாங்குவதற்கு வேண்டியதில்லை. ஏமாந்தவர்கள் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

ஒப்படைக்கும் நாளும் அதற்குப் பிறகும்

29-ஆம் நம்பர் பாரம், நீங்கள் வண்டியை விற்று விட்டதைப் போக்குவரத்து ஆபீஸுக்குத் தெரிவிப்பது. 30-ஆம் நம்பர் பாரம், உரிமையை மாற்றும்படி கேட்பது. இரண்டிலும் வாங்குகிறவருடைய பெயரும் விலாசமும் தேதியும் பூர்த்தியாகாமல் கையெழுத்திடாதீர்கள். "நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை நாங்கள் நிரப்பிக் கொள்கிறோம்" என்று அன்புடன் சொல்லும் தரகர்களால்தான் ஒரே வண்டி வருஷக்கணக்கில் பழைய பெயரிலேயே கை மாறிக் கொண்டிருக்கிறது.

வண்டியைக் கொடுத்த தேதி, மணி, அதுவரை ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றைக் குறித்து இரு தரப்பாரும் கையெழுத்திட்ட ரசீது ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் விற்பனையைத் தெரிவிக்க வேண்டும். வெளி மாநிலத்துக்குப் போகும் வண்டியானால், ஆட்சேபணை இல்லை என்ற சான்றிதழுடன் 45 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் தவணை. அவர் செய்வார் என்று காத்திராமல் உங்கள் பங்கை நீங்கள் செய்து, அத்தாட்சியை வைத்துக் கொள்ளுங்கள். சில வாரங்கள் கழித்து, பெயர் மாறி விட்டதா என்று வண்டி நம்பரைக் கொண்டு பாருங்கள். அதுவரை காரியம் முடியவில்லை.

சில்லறை விஷயங்கள் போலத் தோன்றும் இரண்டும் இருக்கின்றன. ஃபாஸ்டாக்கை மூடா விட்டால், சுங்கச் சாவடிதோறும் அவருடைய பிரயாணத்துக்கு உங்கள் கணக்கு கட்டணம் செலுத்திக் கொண்டிருக்கும். இன்ஷூரன்ஸில் நஷ்டம் கோராதவருக்குக் கிடைக்கும் கழிவு, வண்டியைச் சேர்ந்ததல்ல, உங்களைச் சேர்ந்தது. ஐந்து வருஷம் கோராதிருந்தால், சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் அது பாதியளவு ஆகும். கம்பெனியிடம் சான்றிதழ் பெற்றால் அடுத்த காருக்குப் பயன்படும்.

இவ்வளவு தொந்தரவும் எதற்கு என்று கேட்கலாம். விபத்தில் மகனையோ கணவனையோ இழந்த ஒரு குடும்பம், நியாயம் தேடி எத்தனை வீட்டுக் கதவைத் தட்டுவது? "நான் அவருக்கு விற்றேன், அவர் இவருக்கு விற்றார்" என்ற பதிலையே கேட்டு அலைய வேண்டுமா? அவர்கள் அப்படி அலையக் கூடாது என்பதே நீதிமன்றத்தின் கருத்து. ரிஜிஸ்டரில் உண்மையான பெயர் இருப்பது விற்றவருக்குப் பாதுகாப்பு. முன்பின் தெரியாத அந்தக் குடும்பத்துக்கோ அதுவே ஆதாரம். தன் பெயரை உரிய காலத்தில் நீக்கிக் கொள்கிறவர் இரண்டு காரியங்களையும் ஒரே கையெழுத்தில் செய்து விடுகிறார்.